தடுப்பு வாயிலில் கைப்பேசி தானாகக் கட்டணம் செலுத்திவிட்டால்: அறிகுறி வாரியாகப் பார்க்க வேண்டியவை

கைப்பேசியால் பணம் செலுத்தும் சேவைகளான சாம்சங் பே 2018இலும், ஆப்பிள் பே 2021 மார்ச்சிலும், கூகுள் வாலட் 2022 நவம்பரிலும் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தன. ஜோகனஸ்பர்க், பிரிட்டோரியா, விமான நிலையம் ஆகியவற்றை இணைக்கும் விரைவு ரயிலான ஹௌட்ரெயினின் தடுப்பு வாயில்கள் வங்கி அட்டைகளையும் கைப்பேசிகளையும் ஏற்கத் தொடங்கியதிலிருந்து, மிட்ராண்டில் இருக்கும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை ஒரு சிறிய பழுதுபார்ப்புக் கடையாகிவிட்டது. பள்ளி விடுமுறைக்கு டர்பனிலிருந்து விமானத்தில் வந்து, ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்தில் ரயிலேறும் உறவினர்களும், தைப்பூசக் காவடிக்கு மெல்ரோஸ் கோயிலுக்குச் செல்ல ரோஸ்பேங்கில் இறங்குகிறவர்களும், மாலையில் கைப்பேசியை என் முன் வைத்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "நான் ஒன்றும் செய்யவில்லை, பணம் எப்படிப் போயிற்று?" விமான நிலையப் பயணத்தின் கட்டணம் மற்றப் பயணங்களைவிட மிக அதிகம் என்பதால், அங்கே நேரும் ஒரு தவறு கண்ணில் பட்டுவிடுகிறது, நகருக்குள் நேரும் தவறுகள் மாதக் கடைசியில்தான் தெரியவருகின்றன.

எந்த அறிகுறியானாலும் முதல் சோதனை: பணம் கொடுத்தது எது?

செட்டிங்ஸ் பக்கம் போவதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும். நான் பார்த்தவரை, கைப்பேசியின் மேல் போடப்படும் பழிகளில் பாதிக்கு மேல் கைப்பேசியைச் சேர்ந்தவை அல்ல.

ஒரே வங்கிக் கணக்கிலிருந்து பணம் வெளியேற மூன்று கதவுகள் இருக்கலாம்: பிளாஸ்டிக் அட்டை, கைப்பேசி, கைக்கடிகாரம். அட்டையைக் கைப்பேசியில் சேர்க்கும்போது, அட்டையில் அச்சிட்ட எண் அதற்குள் போவதில்லை. கைப்பேசிக்கென்று வேறொரு எண் வழங்கப்படுகிறது. கடிகாரத்துக்கு இன்னொன்று. ஆகையால் மூன்றும் ஒரே கணக்கைச் சேர்ந்தவையாக இருந்தாலும், தடுப்பு வாயிலின் கண்ணுக்கு அவை மூன்று தனித்தனிப் பயணிகள்.

கைப்பேசியின் வாலட் செயலியைத் திறந்து, உரிய அட்டையைத் தொட்டு, கீழே வரும் அண்மைச் செலவுகளின் பட்டியலைப் பாருங்கள். அந்த நாளின் அந்த நேரத்துக்குரிய ரயில் கட்டணம் அங்கே இருந்தால், பணம் கொடுத்தது கைப்பேசி. வங்கியின் குறுஞ்செய்தி வந்திருக்க, பட்டியலில் அது இல்லாவிட்டால், பிளாஸ்டிக் அட்டையையோ கடிகாரத்தையோ சந்தேகிக்க வேண்டும். பட்டியல் முழுவதுமே வெறுமையாக இருந்தால் அதிலிருந்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். கடைசியாகக் கைப்பேசியால் கடையில் வாங்கிய ஏதாவது ஒன்று அதில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே அந்தப் பட்டியலை நம்ப வேண்டும். குறுஞ்செய்தியில் வரும் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் வைத்து முடிவு செய்வதும் தவறு, ஏனெனில் கைப்பேசி பணம் கொடுத்திருந்தாலும் பிளாஸ்டிக் அட்டையின் எண்ணையே காட்டும் வங்கிகள் உண்டு.

அறிகுறி: பயண அட்டையைத்தான் தட்டினேன், வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிற்று

என்னிடம் மிக அதிகமாக வருவது இதுதான்.

கைப்பேசி உறையைத் திறந்து பாருங்கள். சாட்ஸ்வர்த்திலிருந்து வந்த எங்கள் பெரியம்மாவின் உறைக்குள் ரயிலின் பயண அட்டை, வங்கி அட்டை, மருத்துவக் காப்புறுதி அட்டை, மடித்து வைத்த ஒரு முருகன் படம் ஆகிய நான்கும் ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தன. அவர் உறையோடு சேர்த்து, வாயிலில் அட்டையைப் படிக்கும் ரீடரின் மேல் வைத்தார். ரீடருக்கு எந்த அட்டை முதலில் பதில் சொன்னதோ அதிலிருந்து கட்டணம் போயிற்று. நுழையும்போது பயண அட்டையும் வெளியேறும்போது வங்கி அட்டையும் பதில் சொல்லியிருந்ததால், இரண்டிலும் முடிவடையாத பயணம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

உறையில் வங்கி அட்டை இருந்தால்: அதை எடுத்துப் பணப்பையில் தனியே வையுங்கள். இதற்குச் செலவு கிடையாது, பெரும்பாலும் இத்துடன் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. எடுக்க மனமில்லாதவர்கள் பயண அட்டையை மட்டும் உறைக்கு வெளியே எடுத்துத் தட்டலாம். ஆனால் கூட்ட நேரத்தில், பின்னால் நிற்பவர் பெருமூச்சு விடும்போது, அந்தப் பழக்கம் நிலைப்பதில்லை.

உறையில் இல்லாவிட்டால்: பயண அட்டையைப் பிடித்த அதே கையில் கைப்பேசியும் இருந்ததா என்று கேளுங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியின் திரை திறந்த நிலையில் இருந்து, ரீடரோடு தொடர்புகொள்ளும் குறுந்தொலைவு வசதியான என்எஃப்சியும் இயங்கிக்கொண்டிருந்தால், வாலட் செயலியைத் திறக்காமலேயே அது பணம் கொடுத்துவிடும். வாட்ஸ்அப்பில் ஒலிச்செய்தி கேட்டுக்கொண்டே வாயிலைக் கடப்பவர்கள் இந்த வகையில் சேர்வார்கள். அட்டை ஒரு கையிலும் கைப்பேசி மறு கையிலும் இருக்க வேண்டும் என்பதே இதற்குரிய மருந்து.

இரண்டும் இல்லாவிட்டால்: பயண அட்டையில் போதிய இருப்பு இருந்ததா என்று நிலையத்து இயந்திரத்தில் பாருங்கள். இருப்பில்லாத அட்டையை வாயில் மறுத்துவிட, பதற்றத்தில் பணப்பை முழுவதையும் ரீடரில் அழுத்துகிறவர்கள் பலர். உள்ளே இருக்கும் வங்கி அட்டை அப்போது படிக்கப்பட்டுவிடுகிறது.

இவற்றுக்குப் பிறகும் தொடர்ந்தால்தான் காசு செலவழித்து, அட்டை படிக்கப்படாமல் காக்கும் தடுப்பு உறை வாங்கலாம். அதற்கு முன் ஒரு நாள் வங்கி அட்டையைச் சமையலறை அலுமினியத் தாளில் சுற்றி வைத்துப் பாருங்கள்; அந்தத் தாள் தடுக்காத எதையும் கடையில் விற்கும் உறை பெரிதாகத் தடுத்துவிடப் போவதில்லை.

அறிகுறி: கைப்பேசி கையில் இருந்தது, வாயிலருகே போனதும் பணம் கொடுத்துவிட்டது

வாலட் பட்டியல் கைப்பேசிதான் என்று உறுதி செய்துவிட்டால், அடுத்த கேள்வி அது என்ன வகைக் கைப்பேசி என்பது.

முகப்புப் பொத்தானில் விரல்ரேகை பார்க்கும் ஐபோன் என்றால்: ரீடரை நெருங்கியதும் அது தானாக விழித்து அட்டையின் படத்தைக் காட்டும், அந்த நேரத்தில் கட்டைவிரல் வழக்கம்போலப் பொத்தானின் மேல் இருந்தால், அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடும். இவ்வகைக் கைப்பேசிகளைப் பிள்ளைகள் பெற்றோருக்குக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கிக்கொள்வதால், இந்தப் பழுது எங்கள் வீட்டில் தாத்தாக்களுக்கும் ஆயாக்களுக்குமே அதிகம் வருகிறது. பொத்தானில் விரல் படாமல் ஓரங்களில் பிடிக்கப் பழக்க வேண்டும். பழக்கம் படியாவிட்டால், டச் ஐடி பகுதியில் ஆப்பிள் பேக்கு விரல்ரேகையைப் பயன்படுத்தும் தேர்வை அணைத்துவிடலாம்; அதன்பின் கடையிலும் கடவுச்சொல்லை அழுத்த வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முகம் பார்க்கும் ஐபோன் என்றால்: பக்கப் பொத்தானை இருமுறை அழுத்தி, முகத்தைக் காட்டினால்தான் அது பணம் கொடுக்கும். வரிசையில் நிற்கும்போதே இரண்டையும் செய்துவிட்டு, பிறகு மனம் மாறிப் பயண அட்டையை எடுத்தவர்களின் கைப்பேசி, அந்தச் சிறு இடைவெளியில் தயாராகவே காத்திருக்கிறது. திரையை ஒருமுறை பூட்டிவிட்டால் அது கலைந்துவிடும். பொத்தானைத் தற்செயலாக அழுத்துகிறவர்களுக்கு, வாலட் பகுதியில் இருமுறை அழுத்தும் வசதியையே நிறுத்தி வைக்கலாம்.

ஆண்ட்ராய்டு என்றால், எளியதிலிருந்து தொடங்குங்கள். திரையின் மேலிருந்து கீழே இழுத்தால் வரும் பலகையில் என்எஃப்சியை அணைத்து, ஒரு நாள் பயணம் செய்து பாருங்கள். கைப்பேசியால் பணம் கொடுக்கும் வழக்கமே இல்லாதவர்களுக்கு அதோடு வேலை முடிந்தது. வழக்கம் இருப்பவர்கள் கூகுள் வாலட்டின் செட்டிங்ஸில் சரிபார்ப்பு பற்றிய பகுதிக்குச் சென்று, பொதுப் போக்குவரத்துக் கட்டணத்துக்கும் சரிபார்ப்பு வேண்டும் என்னும் தேர்வு தங்கள் கைப்பேசியில் இருந்தால் அதை இயக்கிக்கொள்ளலாம். என்எஃப்சியைப் பயன்படுத்தத் திரைப்பூட்டு திறந்திருக்க வேண்டும் என்னும் தேர்வும் சில கைப்பேசிகளில் உண்டு. ஆனால் திறந்த கைப்பேசியைக் கையில் பிடித்து நடப்பவருக்கு அதனால் பயனில்லை. சாம்சங்கில் திரையின் அடிப்பகுதியிலிருந்து மேலே வழித்தால் வாலட் திறந்துகொள்ளும் வசதியைக் கண்டு பலர் மிரளுகிறார்கள். செயலி திறப்பதனால் மட்டும் அங்கே பணம் போய்விடாது, விரல்ரேகையோ ரகசிய எண்ணோ கேட்கும். தொல்லையாக இருந்தால் அதன் விரைவு அணுகல் பகுதியில் நிறுத்திவிடலாம்.

அறிகுறி: பூட்டிய கைப்பேசி பைக்குள் இருந்தபடியே பணம் கொடுத்தது

இந்தப் புகார் எனக்குப் பெரும்பாலும் லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ போய்த் திரும்பியவர்களிடமிருந்து வருகிறது. அந்நகரங்களில் ஐபோனின் எக்ஸ்பிரஸ் முறை, முகமோ விரலோ கேட்காமல், திரையை எழுப்பாமல், வாயிலருகே வந்த மாத்திரத்தில் கட்டணத்தைக் கொடுத்துவிடும். நியூயார்க்கில் 2019இல் தட்டிச் செல்லும் முறை தொடங்கியபோது, பையில் கிடந்த கைப்பேசி 2.75 டாலர் கட்டணத்தைக் கொடுத்துவிட்டதாகப் பயணிகள் சொன்னது செய்திகளில் வந்தது. ரீடர் இடுப்பளவு உயரத்தில் இருக்கிறது; தோள்பையும் காற்சட்டைப் பையும் அதே உயரத்தில்தான் தொங்குகின்றன.

முதலில் செய்ய வேண்டியது: செட்டிங்ஸில் வாலட் அண்டு ஆப்பிள் பே பகுதிக்குச் சென்று, எக்ஸ்பிரஸ் ட்ராவல் கார்ட் அல்லது எக்ஸ்பிரஸ் டிரான்சிட் கார்ட் என்னும் வரியைத் திறந்து, எந்த அட்டையும் தேர்வாகாதபடி மாற்றுங்கள். தேர்வு செய்ததாக நினைவே இல்லை என்று பலர் சாதிப்பார்கள். வாதாட வேண்டாம், அட்டை சேர்க்கும்போது விரைவாகத் தாண்டிப்போன திரைகளில் ஒன்றில் அது நடந்திருக்கக்கூடும்.

அதன்பின்னும் நடந்தால்: கடிகாரத்தைப் பாருங்கள். ஆப்பிள் கடிகாரத்தின் எக்ஸ்பிரஸ் தேர்வு தனியானது. கைப்பேசியில் உள்ள வாட்ச் செயலிக்குள் அதன் வாலட் பகுதியில் மாற்ற வேண்டும். கைப்பேசியில் அணைத்ததனால் கடிகாரத்திலும் அணைந்துவிட்டதாக நினைத்த என் மைத்துனர் அடுத்த நாளே மறுபடி வந்தார்.

மின்கலம் தீர்ந்த கைப்பேசி பணம் கொடுத்தது என்றால்: நம்ப முடியாததுபோல் தோன்றினாலும் இது நடக்கக்கூடியதுதான். ஐபோன் எக்ஸ்எஸ் முதல் அதற்குப் பிந்தியவற்றில், மின்கலம் தீர்ந்து திரை இருண்ட பிறகும், எக்ஸ்பிரஸ் அட்டை 5 மணி நேரம் வரை வேலை செய்யலாம். நீங்களே வேண்டுமென்று அணைத்த கைப்பேசியில் இது நடக்காது. ஆகையால் "அணைந்திருந்தது" என்று சொல்பவரிடம், அணைத்தீர்களா அல்லது தானாக அணைந்ததா என்று கேட்டுத் தெளிய வேண்டும்.

பர்மிங்ஹாம், சர்ரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல், விசா அட்டையை எக்ஸ்பிரஸ் முறையில் வைத்த பூட்டிய ஐபோனிலிருந்து 1,000 பவுண்டு எடுக்க முடியும் என்று ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினார்கள். இதைக் கேட்டு ஆயாவின் கைப்பேசியைப் பெட்டியில் பூட்ட வேண்டியதில்லை. ஆனால் லண்டன் பயணம் முடிந்து ஜோகனஸ்பர்க் திரும்பியவர், தமக்குத் தேவைப்படாத அந்த முறையை இயங்கவிட்டு வைத்திருப்பதற்கும் ஒரு காரணமும் இல்லை.

அறிகுறி: ஒரே பயணத்துக்கு இரண்டு கட்டணம், அல்லது வாயில் வெளியே விட மறுக்கிறது

மற்ற அறிகுறிகளைவிட இதில்தான் பணம் அதிகம் போகிறது. ஹௌட்ரெயினில் கட்டணம் தொலைவைப் பொறுத்தது. பத்து நிலையங்களில் எங்கே ஏறினாலும் நுழையும்போதும் வெளியேறும்போதும் தட்ட வேண்டும். உள்ளே போனதற்கு வெளியே வந்த இணை கிடைக்காவிட்டால் கணக்கு முடிவதில்லை. முடியாத பயணத்துக்கு மிக உயர்ந்த கட்டணத்தை வசூலிப்பது லண்டனின் வழக்கம்.

நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் ஒரே பொருளைப் பயன்படுத்தினீர்களா? முன்னே சொன்ன மூன்று கதவுகளை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் கைப்பேசியால் நுழைந்து, சாண்டனில் இறங்கும்போது கைப்பேசி அழைப்பில் இருந்ததால் பணப்பையிலிருந்த பிளாஸ்டிக் அட்டையைத் தட்டினால், "இரண்டும் ஒரே வங்கி அட்டைதானே" என்பது உங்கள் நியாயம். வாயிலைப் பொறுத்தவரை ஒருவர் உள்ளே போய் வெளியே வரவில்லை, உள்ளே போகாத இன்னொருவர் வெளியே வர முயல்கிறார். கடிகாரம் கட்டியிருப்பவர்களுக்கும் இதே கதைதான், அதுவும் அவர்களுக்குத் தெரியாமலேயே நடக்கிறது. கடிகாரம் கட்டிய கையால் கைப்பேசியைத் தட்டும்போது எது முதலில் படிக்கப்படும் என்று சொல்ல முடியாது.

ஒரு கைப்பேசியால் இருவர் போக முயன்றீர்களா? தம்பதியர் வரும்போது இது தவறாமல் நடக்கும். தாத்தா தட்டி உள்ளே போய்விட்டு, கைப்பேசியை வாயிலுக்கு மேலாக நீட்டி ஆயாவிடம் கொடுப்பார். ஒரு எண்ணுக்கு ஒரு பயணிதான். ஆயாவுக்கு வேறு அட்டை வேண்டும்.

நீங்கள் இன்னும் வாயிலுக்கு உட்புறமே நிற்கிறீர்கள் என்றால், வேறெதையும் தட்டிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு தட்டலும் இன்னொரு முடியாத பயணமாகப் பதிவாகக்கூடும். ஓரமாக நின்று, நுழைந்தபோது பயன்படுத்தியது எது என்று வாலட் பட்டியலிலோ நினைவிலோ கண்டுபிடித்து, அதை மட்டும் ஒருமுறை தட்டுங்கள். அது மறுக்கப்பட்டால் நிலைய ஊழியரை அழைக்கும் நேரம் வந்துவிட்டது. அன்றைக்கே, அந்த நிலையத்திலேயே, கைப்பேசியையும் அட்டையையும் கையில் வைத்துக்கொண்டு சொல்வதை அவர்களால் சரிபார்க்க முடியும். ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் அதையே விளக்குவது வேறு விதமான வேலை.

வெளியே வந்துவிட்டீர்கள் என்றால், நாள், நேரம், நிலையம், பயன்படுத்திய எண்ணின் கடைசி இலக்கங்கள் ஆகியவற்றை எழுதி ரயில் நிறுவனத்திடம் திருத்தம் கேளுங்கள். வங்கியிடம் முதலில் போகாதீர்கள். உங்கள் அட்டையும் உங்கள் கைப்பேசியும்தான் பணம் கொடுத்தன என்பதால் வங்கி இதை மோசடியாகக் கருதாது. கைப்பேசிக்குரிய எண்ணின் கடைசி இலக்கங்கள் வாலட்டில் அந்த அட்டையின் விவரப் பகுதியில் இருக்கும். பிளாஸ்டிக் அட்டையின் எண்ணைக் கொடுத்துவிட்டு, "அப்படி ஒரு பயணமே பதிவில் இல்லை" என்ற பதிலைப் பெற்றுத் திரும்பி வந்தவர்களை நான் அறிவேன்.

அறிகுறி: அட்டையின் படம் திரையில் வருகிறது, ஆனால் பணம் போகவில்லை

ரீடரின் அருகாமையை உணர்ந்து கைப்பேசி விழித்துக்கொள்கிறது, அவ்வளவே. பணம் போயிருந்தால் திரையில் சரி என்னும் குறியும், ஓர் அதிர்வோ ஒலியோ வந்திருக்கும். எதையும் மாற்ற வேண்டாம்.

அறிகுறி: கணக்கில் புரியாத ஒரு சிறு தொகை, அல்லது நிலுவை என்று காட்டும் தொகை

வாயிலில் தட்டிய கணத்தில் முழுக் கட்டணம் எவ்வளவு என்பது தெரிந்திருப்பதில்லை. அட்டை செல்லுபடியாகுமா என்று பார்க்க ஒரு சிறு தொகை முதலில் கேட்கப்படும். லண்டனில் அது 10 பென்ஸாகக் காட்டுவதை அங்கே போய் வந்தவர்கள் கண்டிருப்பார்கள். பிறகு உண்மையான கட்டணம் வரும்போது அந்தச் சிறு வரி மறைந்துவிடும். சில வேலை நாட்கள் காத்திருந்து, இரண்டுமே உறுதியான செலவாக மாறினால் மட்டும் மேலே சொன்னதுபோல ரயில் நிறுவனத்தைக் கேளுங்கள்.

அறிகுறி: அன்று நிலையத்துக்கே போகவில்லை, ஆனாலும் ரயில் கட்டணம் வந்திருக்கிறது

முதலில் தேதியை நன்றாகப் பாருங்கள். வெள்ளிக்கிழமைப் பயணம் திங்கட்கிழமைத் தேதியில் பதிவாவது உண்டு. வீட்டில் வேறு யாருடைய கைப்பேசியிலாவது உங்கள் அட்டை சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். பேரனுக்குப் பழைய கைப்பேசியைக் கொடுக்கும்போது அதிலிருந்து அட்டையை நீக்க மறந்த வீடுகள் இரண்டை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டும் இல்லையென்றால் இது வீட்டில் தீர்க்கும் பழுது அல்ல. வங்கியின் செயலியில் அட்டையை உடனே முடக்கிவிட்டு, வங்கியின் மோசடிப் பிரிவை அழையுங்கள். வாலட்டிலிருந்து அட்டையை அவசரப்பட்டு நீக்காதீர்கள். நீக்கினால் கைப்பேசிக்குரிய எண்ணும் பட்டியலும் அதோடு போய்விடும், மறுபடி சேர்த்தால் புதிய எண்தான் கிடைக்கும். நீக்குவதற்கு முன் இரண்டையும் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். புகாரின் குறிப்பு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வங்கி உங்கள் புகாரை நிராகரித்தால், 2024 மார்ச் 1 முதல் செயல்படும் தேசிய நிதிக் குறைதீர்ப்பு அமைப்பான நேஷனல் ஃபைனான்ஷியல் ஓம்பட் ஸ்கீமுக்கு எடுத்துச் செல்லலாம். பயனாளர் அதற்குக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. ஆனால் வங்கிக்கு முதலில் வாய்ப்பளித்தீர்களா என்று அங்கே கேட்பார்கள், அந்தக் குறிப்பு எண் அப்போது தேவைப்படும்.

கைப்பேசிக் கடைக்குப் போக வேண்டிய கட்டம் எது என்றும் கேட்கிறார்கள். தானாகப் பணம் கொடுக்கும் சிக்கலுக்கு அப்படி ஒரு கட்டத்தை நான் இதுவரை கண்டதில்லை. என்எஃப்சி சில்லு பழுதானால் கைப்பேசி பணம் கொடுக்காமல் போகுமே தவிர, கேட்காமல் கொடுக்காது. என் சித்தப்பா ஒரு கடையில் காசு கொடுத்துக் கைப்பேசியை முழுவதுமாக அழித்துப் புதிதாக்கி வாங்கி வந்தார், பேரப்பிள்ளைகளின் படங்களும் சேர்ந்து போயின. அவருடைய வங்கி அட்டை அப்போதும் உறைக்குள்ளேயே இருந்தது.